அன்று நான் இருந்ததாக எழுதப்பட்ட இடங்கள்

நான் ஐந்து வருடம் எங்கள் ஊராட்சிக்குத் தலைவராக இருந்தேன். அதில் ஒரே ஒரு நாளைப் பற்றிய காகிதங்களை மட்டும் தனியாக எடுத்து, நாடா போட்டுக் கட்டி, ஒன்றிய அலுவலகத்தில் என் முன்னால் வைத்தார்கள். மூன்று விரல் தடிமன் இருந்தது. ஒரு நாளுக்கு இவ்வளவு காகிதமா என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்து, வழக்கம்போல, கதவு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டேன்.

நான் பயந்த சுபாவக்காரி. பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் தெருவில் இறங்க மாட்டேன். பேருந்து வண்ணார்பேட்டை போய்ச் சேரும்வரை அடுப்பை அணைத்தோமா என்று நினைத்துக்கொண்டே இருப்பேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பீடி சுற்ற உட்கார்ந்தவள். தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிய வருடம், ஊரில் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றவர்களில் ஒருவர் சொன்ன ஆளை மற்றவர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் யாருக்கும் தொந்தரவு தராதவள் என்று என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். எதிர்த்து யாரும் நிற்கவில்லை. ஜெயித்த அன்று ராத்திரி எனக்குக் காய்ச்சல்.

எனக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், உதடு அசையும். கூட்டத்தில் பத்துப் பேர் பார்க்க அப்படி வாசிப்பது உயிர் போகிற மாதிரி இருந்தது. இதை முதல் மாதமே கண்டுபிடித்தவர் எங்கள் ஊராட்சி கிளார்க். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஒரு வழி சொன்னார். தீர்மானப் புத்தகத்தில் பக்கத்தை வெற்றாக விட்டு, அடியில் மட்டும் நான் கையெழுத்துப் போட்டுத் தருவது. உறுப்பினர்களிடமும் அவரே வீடு வீடாகப் போய் வாங்கிக்கொள்வார். மேலே என்ன எழுத வேண்டுமோ அதைப் பிறகு எழுதிக்கொள்வார்.

“எல்லா ஊர்லயும் இப்படித்தான் நடக்கு. நீங்க என்னத்துக்குப் பதறுதிய? நான் இருக்கேம்லா” என்றார்.

பதறத்தான் செய்தேன். ஆனால் வெற்றுப் பக்கத்தில் வாசிக்க ஒன்றுமில்லை. அந்த நிம்மதி பெரிதாக இருந்தது. தீர்மானப் புத்தகம் மட்டுமல்ல, மற்றப் பதிவேடுகளிலும் ஒரே இருப்பில் ஆறு பக்கம், ஏழு பக்கம் என்று போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் ஊர் ஆற்றங்கரை ஊர். மேலே அணையில் தண்ணீர் திறந்தால் தாலுகா ஆபீசிலிருந்து எனக்குப் போன் வரும். நான் மைக் கட்டிய ஆட்டோவை விட்டு ஊருக்குச் சொல்ல வேண்டும். என் நான்காவது வருடக் கார்த்திகையில் மூன்று தடவை போன் வந்தது. மூன்று தடவையும் ஆட்டோவை விட்டேன். கீழத்தெரு முழுக்கப் பாயையும் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனது. மூன்று தடவையும் தண்ணீர் படித்துறையின் நாலாம் படியைத் தாண்டவில்லை. மூன்றாம் தடவை பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிப் போகும்போது பெண்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் தண்ணீர்க் குழாய்க்குப் போகவில்லை. மேகம் கறுத்தால் தலைவரம்மாவுக்கு வயிற்றால் போகும் என்று டீக்கடையில் பேசிச் சிரித்ததாக என் வீட்டுக்காரரே வந்து சொன்னார்.

அடுத்த மாசியில் மழை பெய்தது. மாசியில் யாரும் மழையை எதிர்பார்ப்பதில்லை. பிசானப் பருவ நெல்லை அறுத்து முடித்திருந்தார்கள். அறுத்த வயலில் சிந்திய நெல்லை மேய்க்க வடக்கே ஆர்க்காட்டுப் பக்கமிருந்து ஒரு வாத்துக்காரர் வந்திருந்தார். புருசன், பெண்டாட்டி இரண்டு பேர், ஆயிரத்துக்குக் குறையாத வாத்து. நாயும் நரியும் வராது என்று ஆற்றுக்கு நடுவில் இருந்த மணல் திட்டில் வலையடித்து, ஒரு தார்ப்பாய்க் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தார்கள். படித்துறையிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

இரண்டு நாள் விடாமல் பெய்த மழை அன்று காலை விட்டிருந்தது. ஏழு மணி வாக்கில் போன். மேலே மதகு திறந்தாயிற்று, மத்தியானத்துக்குள் தண்ணீர் வரும், சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார்கள். நான் கிளார்க்கைக் கூப்பிட்டேன். அவர் வண்ணார்பேட்டையில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் இருந்தார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

“மாசி மாசத்துல வெள்ளமா? கார்த்திகையில மூணு மட்டம் ஊரைக் கூட்டிச் சிரிச்சது போதும் தலைவரம்மா. பத்து மணிக்கு நான் அங்கன வந்து பாக்கேன். அதுவரைக்கும் பைய இருங்க.”

சரி என்றேன். எல்லாவற்றுக்கும் பதறுகிறவள் அன்று ஒரு நாள் பதறாமல் இருந்து பார்ப்போம் என்று நினைத்தேன். இருப்புக் கொள்ளவில்லை. எட்டரை மணிக்கு நானே படித்துறைக்குப் போனேன். தண்ணீர் கலங்கலாக, ஆனால் கீழேதான் ஓடிக்கொண்டிருந்தது. திட்டில் வாத்துக்காரர் நின்று வலையை உதறிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட வேண்டும் என்றுதான் போனேன். இரண்டு படி இறங்கியும் விட்டேன். துவைகல்லில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன பிரசிடெண்டம்மா, ஆத்துக்குக் காவல் இருக்க வந்தியளா? பாயை எடுத்துக்கிடட்டுமா, இல்ல குளிச்சிட்டு வரட்டுமா?”

குளித்துக்கொண்டிருந்த நாலைந்து பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஒற்றை ஆள் ஆயிரம் வாத்தைக் கரையேற்றி, வெள்ளமும் வராமல் போனால், வெளியூர்க்காரனும் சேர்ந்து சிரிப்பான் என்று தோன்றியது. சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டு ஏறி வந்துவிட்டேன்.

பத்து மணிக்குக் கிளார்க் வரவில்லை. பதினோரு மணிக்குத் தண்ணீர் வந்தது. கீழத்தெருக்காரர்களுக்கு ஓடப் பழக்கம் இருந்தது, அவர்களாகவே பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். திட்டு எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. தென்னை மட்டைகளோடு வாத்துகள் வெள்ளை வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தன. அரிசி வாங்க அம்பாசமுத்திரம் போயிருந்த வாத்துக்காரரின் பெண்டாட்டி பையோடு கரையில் வந்து நின்றாள். அவரை இரண்டாம் நாள் கீழே ஒரு அணைக்கட்டில் எடுத்தார்கள்.

வெள்ளம் வந்த அன்று சாயங்காலமே கிளார்க் என் வீட்டுக்கு வந்தார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எட்டரைக்குப் படித்துறைக்குப் போனதையும், வாத்துக்காரரைப் பார்த்ததையும், கூப்பிடாமல் வந்ததையும் அவரிடம் மட்டும்தான் சொன்னேன். நான் போன மாதம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு வெற்றுப் பக்கத்தை விரித்து, அரைமணி நேரம் எழுதினார். பிறகு வேகமாக வாசித்தார். அவசரக் கூட்டம் போட்டதாக, ஆட்டோவில் அறிவித்ததாக, தலைவர் நேரில் போய் எச்சரித்ததாக. நான் ஒன்றும் சொல்லவில்லை. இதற்கு மேலும் ஒரு வரி இருந்தது. அதையும் அவர் வாசித்தாரா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. வாசித்திருந்தாலும் பேசாமல்தான் இருந்திருப்பேன்.

என் காலம் முடிந்தது. நான் மறுபடி பீடி சுற்றப் போனேன். வெள்ளம் வந்து நாலு வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது. வாத்துக்காரரின் மனைவி மனுக் கொடுத்திருக்கிறார், விசாரணைக்கு ஆஜராக வேண்டும் என்று. அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

விசாரணைக்கு முந்திய நாள் கிளார்க் வந்தார். ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. ஆள் இளைத்திருந்தார். எழுதியபடியே சொல்லிவிடுங்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் பீடித் தட்டை மடிக்கு இழுத்துக்கொண்டதும் குரல் மாறியது.

“புத்தகத்துல இருக்கது உங்க கையெழுத்து தலைவரம்மா. என் கையெழுத்து ஒண்ணும் கிடையாது. யோசிச்சுப் பேசுங்க.”

அப்படித்தான் அந்தக் கட்டு என் முன்னால் வந்தது. விசாரணை அதிகாரி சின்ன வயசுக்காரர், கோயம்புத்தூர்ப் பக்கம். மரியாதையாகப் பேசினார். எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் வாக்குமூலம் எழுதலாம் என்று சொல்லிவிட்டு வேறு கோப்பில் குனிந்துகொண்டார். யாரும் என்னைப் பார்க்கவில்லை என்பதால் உதட்டை அசைத்தே வாசித்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

தாலுகா ஆபீஸ் போன் பதிவேட்டின் நகல் இருந்தது. ஏழு பத்துக்கு ஊராட்சித் தலைவரிடம் தகவல் தெரிவிக்கப்பட்டது. அது உண்மை. அந்தக் கட்டில் முழு உண்மையாக இருந்த காகிதம் அது ஒன்றுதான். அடுத்தது தீர்மானப் புத்தகம். ஏழரைக்குத் தலைவர் தலைமையில் அவசரக் கூட்டம். எட்டு மணிக்கு அறிவிப்பு. அதற்கடுத்து நூறு நாள் வேலையின் வருகைப் பதிவு. வாய்க்கால் தூர் வார நாற்பது பெண்கள் ஒன்பது மணிக்கு வந்ததாகக் குறி, தலைவர் பார்வையிட்டதாக என் கையெழுத்து. அந்த வாய்க்கால் அன்று காலை மழைத் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. தண்ணீர்த் தொட்டி மோட்டார் புத்தகத்தில் காலை ஆறிலிருந்து எட்டு வரை மோட்டார் ஓடியது. ஊரில் முந்தின ராத்திரியே கரண்டு இல்லை. சாயங்காலம் சுகாதாரப் பணிகளை ஆய்வு செய்தேன். அதற்குக் கீழும் என் கையெழுத்து.

காகிதத்தில் நான் அன்று ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை. எங்கே எது தேவையோ அங்கே நின்றேன். யார் சிரிப்புக்கும் அஞ்சவில்லை. வாசிக்க வாசிக்க, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தத் தலைவரை எனக்குப் பிடித்துப்போனது. இப்படி ஒருத்தி அன்று எங்கள் ஊரில் இருந்திருக்கலாம்.

பிறகு அந்த வரி வந்தது. “ஆற்றுத் திட்டில் தங்கியிருந்த வெளியூர் நபரைத் தலைவர் நேரில் சென்று வெளியேறும்படி பலமுறை கேட்டுக்கொண்டும், வாத்துகளை விட்டு வர இயலாது என அவர் மறுத்துவிட்டார்.” நான் அழுதுகொண்டு சொன்னதுதான் இப்படி ஆகியிருந்தது. நேரம்கூடச் சரியாக எட்டரை என்றே போட்டிருந்தார்.

கட்டின் கடைசியில் அந்தப் பெண்ணின் மனு. யாரோ எழுதிக் கொடுத்து, அவள் கைநாட்டு வைத்திருந்தாள். எச்சரிக்கையை மீறி ஆற்றுக்குள் இருந்தவர் என்பதால் நிவாரணம் கிடையாது என்று முன்பே சொல்லியிருந்தார்களாம். அதற்கு அவள் எழுதியிருந்தாள்: தலைவரம்மா நேரில் வந்து சொல்லியும் என் வீட்டுக்காரர் கேட்காமல் இருந்தது பெரிய தப்புத்தான். அவர் எப்போதும் பிடிவாதக்காரர். அவர் செய்த தப்பை மன்னித்து, ஊரில் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்து உதவி செய்ய வேண்டும்.

அந்தப் பக்கத்தை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. அதிகாரி நிமிர்ந்து, முடிந்ததா அம்மா என்று கேட்டார். நான் எச்சரிக்கவில்லை என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

அவர் சொன்னதை நான் குறை சொல்ல மாட்டேன். உள்ளதை உள்ளபடி சொன்னார். புத்தகத்தில் உள்ளபடி நான் ஒப்புக்கொண்டால், இரக்கத்தின் பேரில் பரிசீலிக்கலாம் என்று அவரே பரிந்துரை எழுதுவார், இந்த வருடத்துக்குள் ஏதாவது கிடைக்கும். நான் மாற்றிச் சொன்னால் பதிவேடு பொய் என்று ஆகும். என் மேல் தனி விசாரணை, கிளார்க் மேல் தனி விசாரணை. அவை முடியும்வரை இந்த மனு நகராது.

“உங்க மனசு லேசாகணும்னு அந்த அம்மாவைக் காக்க வைக்கப் போறீங்களான்னு யோசிங்க. அவங்க வெளியிலதான் உட்கார்ந்திருக்காங்க” என்றார்.

பத்து நிமிடம் கேட்டு வெளியே வந்தேன். தாழ்வாரத்துப் பெஞ்சில் அவள் மடியில் ஒரு துணிப்பையோடு இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் எழுந்திருக்கப் போனாள், நான் பிடித்து உட்கார வைத்தேன். தலைவரம்மா என்று என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, அவரே என் கையைப் பிடித்தார். அந்தக் கையை நான் பிடிக்கவிட்டிருக்கக் கூடாது. அதுவரை அவள், இவள் என்று எழுதிவிட்டேன். அந்த நிமிடத்திலிருந்து எனக்கு அப்படி எழுத வரவில்லை.

“அன்னைக்கு நீங்க அவ்ளோ தூரம் வந்து சொன்னீங்களாமே. எங்க வூட்டுக்காரு, அது கேக்கலியே. வாத்துதான் பெருசுன்னு நின்னுச்சே. நான் நாலு வருசமா அதத்தான் திட்டிக்கினு இருக்கேன் அம்மா. படத்துக்குப் பூ கூட வைக்கிறதில்ல.”

நான் சொன்னேன். எப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை. யாரும் அவருடைய வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை என்று சொன்னேன். போன் வந்ததையும், படித்துறைக்குப் போனதையும், திரும்பி வந்ததையும், புத்தகத்தில் எழுதியது பொய் என்பதையும் சொன்னேன். அதிகாரி சொன்ன இரண்டு வழியையும் சொன்னேன். நீங்கள் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படியே எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். இப்போது நினைத்தால், அதையும் அவர் தலையில்தான் இறக்கி வைத்திருக்கிறேன்.

அவர் என் கையை விட்டார். எதிரே ஜெராக்ஸ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“அதுகிட்ட யாருமே வரலியா?”

“வரல.”

“ஒருத்தர் கூடவா?”

“ஒருத்தரும் வரல.”

“அப்ப அதுக்குத் தெரியவே தெரியாது.”

இதை என்னிடம் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தார். அங்கிருந்து என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“எத்தினி வருசம் ஆனாலும் ஆவட்டும். போயி அத எழுதுங்க. அது கேக்காம நிக்கலன்னு எழுதுங்க.”

உள்ளே போய் எழுதினேன். நானே எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கி எழுதினேன். இரண்டு பக்கத்துக்கு மத்தியானம் ஆகிவிட்டது. அதிகாரி சாப்பிடப் போகாமல் காத்திருந்தார். எழுத்துப் பிழையைத் திருத்தட்டுமா என்று கேட்டேன், வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார். அப்போது புத்தகத்தில் உள்ள அந்த வரியை அடித்துவிடலாமா என்று கேட்டேன். பதிவேட்டில் எதையும் அடிக்க முடியாது, கிழிக்கவும் முடியாது என்றார். என் வாக்குமூலம் அதற்குப் பின்னால் சேர்க்கப்படும், அவ்வளவுதான். எப்போதாவது யாராவது அந்த நாளைத் தேடி எடுத்தால், அந்தத் தைரியசாலித் தலைவரைத்தான் முதலில் பார்ப்பார்கள். அவருக்கு அப்புறம் வெகு தூரம் புரட்டினால் நான்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. என்னிடம் விளக்கம் கேட்டு இரண்டு நோட்டீஸ் வந்தது, இரண்டுக்கும் பதில் கொடுத்தேன். கிளார்க்குக்கு ஓய்வூதியம் நிறுத்திவைத்திருக்கிறார்கள். அவர் வீட்டுக்காரம்மா தெருவில் என்னைக் கண்டால் துப்பிவிட்டுப் போகிறார். மனு எங்கே இருக்கிறது என்று கேட்டால் மேலே போயிருக்கிறது என்கிறார்கள்.

வாத்துக்காரரின் மனைவி மாதம் ஒரு தடவை போன் செய்கிறார். கோப்பு வந்ததா என்று கேட்பார், இல்லை என்பேன், வைத்துவிடுவார். வேறு பேச்சு கிடையாது. போன ஆவணியில் மட்டும் வைக்கவில்லை. பின்னால் வாத்துச் சத்தம் கேட்டது. இப்போது யாருடைய வாத்தையோ கூலிக்கு மேய்க்கிறார் என்று நினைக்கிறேன்.

“நீங்க படியில நின்னப்ப அது உங்களப் பாத்துச்சா?” என்று கேட்டார்.

வாக்குமூலத்தில் நான் எழுதாத ஒன்று அது. யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

“பாத்தாவ” என்றேன். “கையைத் தூக்கிக் காட்டுனாவ.”

“நீங்க?”

“நானும் தூக்குனேன்.”

அந்தப் பக்கம் அவர் ஏதோ ஒரு வாத்தை அதட்டினார். பிறகு போனை வைத்துவிட்டார். அடுத்த மாதம் வழக்கமான நாளில் கூப்பிட்டு, கோப்பு வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன்.